ஒரே கிளிக்கில் திறந்து கொடுத்தவள்

எனக்கு எழுபத்தொரு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், ஆனாலும் என் கையால்தான் எழுதுவேன்.

நாமக்கல்லில் என் வீட்டுக்காரரின் முதுகுவலிக்கு ஆஸ்பத்திரி போயிருந்தோம். பழைய ஸ்கேன் இல்லையென்றால் புதிதாக எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பழைய ஸ்கேன் இருந்த சிடி உடைந்துவிட்டது. நல்லவேளை, அதற்கு முன்னாலேயே மகன் அதை முழுசாக ஒரே ஃபைலாக்கி பென் டிரைவில் வைத்திருந்தான். டாக்டரின் கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை. கீழே ஸ்கேன் அறைக்கு அனுப்பிவிட்டார். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத இடம்.

“அந்த ஸ்கேன் கொழாய்க்குள்ள இன்னொருக்கா போனா செத்தே போயிருவேன்,” என்று அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போன முறை உள்ளே கிடந்து கத்தியவர்.

கம்ப்யூட்டர் முன்னால் ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்ட ஒல்லியான பெண். யார் வந்தாலும், “வெளிய வெயிலுங்களா, மழைங்களா?” என்றுதான் முதலில் கேட்டாள். அவளுடைய கம்ப்யூட்டர் டாக்டருடையது மாதிரி இல்லை, லினக்ஸ் என்று வேறு வகையாம். ஃபைல் மேல் ஒரே கிளிக். நிஜ சிடியைப் போட்டது மாதிரி திரையின் ஓரத்தில் ஒரு வட்டம் வந்தது. அதற்குள் அவருடைய முதுகெலும்புப் படங்கள் வரிசையாக இருந்தன.

“பழசு பூராவும் இருக்குதுங்க ஐயா. டாக்டருக்கு அனுப்பிடறனுங்க. நீங்க உள்ள போவ வேண்டியதில்லீங்க.”

அவர் என் கையை விட்டார்.

“ஏஞ்சாமி, நீ எப்ப வெளிய போவே?” என்றேன்.

“பொழுது உழுந்தப்பறமுங்க,” என்று சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

மேலே ஏறியதும் அவர் விறுவிறுவென்று நடந்தார். எனக்குத்தான் கால் வரவில்லை. அவளை உள்ளே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் தப்பி வந்தது போல இருந்தது.

பேத்தி, நான் எழுதின இதை எனக்குப் படித்துக் காட்டு சாமி. மெதுவாகப் படி.