விரல் எண்ணும் இன்ஸ்பெக்டர்

ஓசூரில் நான் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் ஓட்டினேன். சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர் மாதாமாதம் வந்து தகட்டை அளப்பார். சர்க்கார் இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். ஒல்லியான ஆள். எங்கள் கையை நீட்டச் சொல்லி விரல்களை எண்ணுவார்.

அவர் வரும் நாளில் மட்டும், கை உள்ளே போகாதபடி மிஷினுக்குத் தடுப்புக் கம்பியைப் பெயிண்டு அடித்து மாட்டுவோம். அது இருந்தால் வேலை ஓடாது. ஒரு வருஷம் அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது தினமும் இருக்குதாப்பா?"

"இருக்குதுங்க சார்."

"பெயிண்டு கையில ஒட்டுதே. நீ இருக்குதுன்னா நானும் அப்படித்தான் எழுதணும். வெரலு உன்னுது."

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆறு மாதத்தில் மிஷினில் என் இரண்டு விரல்கள் போயின. அடுத்த முறை அவர் வந்த அன்று சூப்பர்வைசர் எனக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தார். வீட்டில் படுத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பற்றிக் கேட்டாரா என்று தெரியவில்லை.