வண்டி பாஸாகாத வளைவு

ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். காப்பி, பேப்பர், பிறகு தென்னைக்குத் தண்ணீர் திருப்பல். தபால் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுச் சுமதி வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, பாஸுன்னா தேர்ச்சின்னு எழுதிப்போட்டேனுங்க. இன்னும் நாலு அர்த்தம் கேக்கறாங்க. அத்தனை இருக்குதுங்களா?"

"நாப்பதே இருக்குது கண்ணு" என்றேன். பந்தைத் தள்ளிவிடுவது, சட்டம் நிறைவேறுவது, காலம் கழிவது என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். ஆங்கிலத்தில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் தைரியம் அதிகம். எழுதிக்கொண்டு போனாள்.

நனைந்த மண்ணின் வாசனை மட்டும் என்னை விடவில்லை. அந்த வாசனையோடு டீசலும் பச்சைத் தேயிலையும் சேர்ந்தால் வண்டிப்பெரியார். கேரள மலையில் இருக்கும் அந்த ஊரில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். டவுனுக்குப் போக, வர, செல்வத்தின் ஜீப்தான். வழியில் ஒரு வளைவில் இரண்டு வண்டி பாஸாகாது. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி பின்னால் போய் வழிவிட வேண்டும். அது எழுதாத சட்டம். உரசிக்கொண்டு கடக்கும்போது டிரைவர்கள் ஜன்னலோடு ஜன்னலாகச் சேதி சொல்லிக்கொள்வார்கள். செல்போன் வராத காலத்தில் மலைக்கு அதுதான் தபால்.

ஒருமுறை செல்வத்தின் அப்பாவுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்திருந்தது. அன்று காலையில் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தானாக யூரின் பாஸாக வேண்டும், இல்லையென்றால் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றிருந்தார் டாக்டர். செல்வத்தின் மனைவி கூட இருந்தாள். அவனுக்கோ ஆள் ஏற்றும் டிரிப்.

மத்தியானம் எதிரே வந்த வண்டியிலிருந்து, "இன்னும் பாஸாகலடா" என்ற சேதிதான் வந்தது. மூன்று மணிக்கும் அதேதான். செல்வம் வெற்றிலையைக்கூட மெல்லாமல் வாயில் வைத்திருந்தான்.

கடைசி டிரிப்பில் அவன் ஜீப்பில் நானும் டவுனுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவுக்குக் கீழே, அரிசி மூட்டையோடு ஏறி வந்தது இன்னொரு டிரைவர் மாரியப்பனின் ஜீப். நூறடி தூரத்திலிருந்தே கத்தினான்: "லேய் செல்வம்! அப்பாவுக்குப் பாஸாயிருச்சுலே!"

பின்சீட்டில் இருந்த கொழுந்தெடுக்கும் முத்தம்மா அக்கா விடவில்லை. "எந்தக் கிளாஸுப்பா?"

"பர்ஸ்ட் கிளாஸ்க்கா. நர்சம்மா பாத்திரத்த மாத்த வேண்டியதாப் போச்சு!"

ஜீப் முழுக்கச் சிரித்தது. செல்வம் மட்டும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு வழிவிடுவதற்காக ரிவர்ஸ் கியரைத் தேடினான். இரண்டு முறை போட்டும் விழவே இல்லை.

"நீ சும்மா இரி" என்றான் மாரியப்பன். சட்டப்படி வழி அவனுடையது. இருந்தும் அத்தனை மூட்டையோடு அவன்தான் அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறங்கி, பாறையோரம் ஒதுங்கினான். "போடா, அய்யாவப் பாரு."

 கடக்கும்போது செல்வம் கையை வெளியே நீட்டி மாரியப்பனின் தோளைத் தொட்டான், அவ்வளவுதான்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பாறையை உடைத்துச் சாலையை அகலமாக்கிவிட்டார்கள். நல்ல சாலை, குறை சொல்ல மாட்டேன். இரண்டு பஸ் நிற்காமல் பாஸாகிறது. எதிரே வந்தவர் முகம் யாருக்கும் தெரிவதில்லை.

சுமதி வந்துபோன மறுநாள் காலை, காப்பிக்கும் முன்னால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"கிளார்க்கய்யாவா! எங்கன நிக்கிறீங்க?"

"வளைவுலதானுங்க" என்றேன். "சேதி சொல்லுங்க."