கடைசிப் பத்து நிமிடம்

எந்தப் படம் பார்க்கலாம் என்று எங்கள் குப்பத்தில் என்னிடம்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய்க் கல்லூரியையும் முடித்தவள். அதனால் வந்த மரியாதை. குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தை குடத்தை நகர்த்திக்கொண்டே கேட்பார். "இன்னாம்மா, இந்த வாரம் எத பாக்கறது?" போன வாரம் நான் சொன்ன படத்தில் பாதியிலேயே தூங்கிவிட்டாராம். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கமாம், அதனால் என்மேல் வருத்தம் இல்லையாம்.

மாயப் படங்களுக்கு நான் வைத்திருந்த அளவுகோல் ஒன்றுதான். சாபமோ மந்திரமோ எதை வேண்டுமானாலும் காட்டட்டும். ஆனால் முதல் அரை மணியில் சொன்ன விதியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் மாற்றக் கூடாது. சமீபத்தில் வந்த ஒரு படத்தில் நிலா மறைந்தால் இளவரசன் கல்லாகிவிடுவான். இரண்டு மணி நேரம் நம்மைப் பயமுறுத்திவிட்டு, முடிவில் காதலியின் கண்ணீர் பட்டதும் எழுந்து ஆடுகிறான். கண்ணீருக்கு அவ்வளவு சக்தி இருந்தால் அவள் முன்னாடியே அழுதிருக்கலாம்.

அதே மாதம் இன்னொரு படம் வந்தது. ஒரு பெண் யாரைத் தொட்டாலும் அவர்களுடைய நினைவு அவளுக்கு வந்துவிடும். அவர்களிடம் திரும்பப் போகாது. அவள் ஆசை வைத்தவன்மேல் விரல்கூடப் படாமல் பார்த்துக்கொள்கிறாள். ஒருநாள் ஆறு அவனை அடித்துக்கொண்டு போகிறது. கையைப் பிடித்துக் கரையேற்றுகிறாள். பிழைத்தவன், யாரோ எவரோ என்று கும்பிட்டுவிட்டு நடந்துபோகிறான். அவ்வளவுதான் படம். பாட்டு சுமார், சண்டை மோசம். ஆனாலும் சொன்ன சொல்லில் நின்ற படம். எல்லோரும் பாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன்.

நைனா இரண்டையும் என் போனில்தான் பார்த்தார். வலையில் ஈயக் குண்டு கோத்துக்கொண்டே பார்ப்பார், பிறகு என் தீர்ப்பைக் கேட்பார். "கடைசி பத்து நிமிசம் சரியில்லனா என் பொண்ணு ஒத்துக்காது" என்று படகுத்துறையில் பெருமையடித்துக்கொள்வார். அவர் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவர்.

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்த ஒருவரை நான் விரும்பினேன். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். அவர் அப்பா நெல் வயலில் கூலிக்குப் போகிறவர். இவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில், இறங்குகிற சரக்குப் பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கும் வேலை. வடக்கே வேறொரு துறைமுகத்துக்கு அவரை மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்றார். நான்தான் தடுத்தேன். தடுத்ததற்குக் காரணம் பாடு.

ஏரியில் இறாலுக்கு யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய வீட்டின் பெயரைச் சீட்டில் எழுத மாட்டார்கள். எங்கள் ஊரில் பெண்ணை வெளியே கட்டிக்கொடுப்பதும் மீறல்தான். நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே படகு, ஒரே பெயர். அந்தப் பெயர் போனால் இரண்டு வீட்டு உலையும் நிற்கும்.

இதை நைனாவிடம் எந்த வாயால் பேசுவது என்று தெரியவில்லை. எனக்காக ஒரு படம் பேசட்டும் என்று நினைத்தேன். அப்போது பொன்னேரியில் ஒரு காதல் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்பே ஒருமுறை பார்த்தாயிற்று. படம் முழுக்க முறுக்கிக்கொண்டு நிற்கும் அப்பா, கடைசியில் பஸ் ஸ்டாண்டில், ஒரு காரணமும் இல்லாமல், மகளின் கையை எடுத்து அவள் காதலன் கையில் வைக்கிறார். என் அளவுகோலில் மட்டமான படம். தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். எங்களுக்குப் பாடு இல்லாத ஒரு நாளில் நைனாவை மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனேன்.

அந்தக் கடைசி இடத்தில் நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இருட்டில் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில், படம் எப்படி என்று கேட்டேன். நீ சொல்லும்மா என்றார். ரொம்ப நல்ல படம், அந்தக் கடைசி இடம்தான் உயிர் என்றேன். ஒரு படத்தைப் பற்றி நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கரையில் படகோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"நேத்தே தெரிஞ்சிபோச்சும்மா" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"அந்தப் படத்த போயி நல்லாருக்குதுனு சொன்ன பாரு. நீ அப்படி சொல்ற ஆளா?"

பிறகு ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன்.

"அந்த ஆளுக்கு இன்னா கண்ணு, தம்பி இல்ல, பாடு இல்ல. கைய புடிச்சி குடுத்தான், திரையில பேரு போட்டுட்டாங்கோ, முடிஞ்சிபோச்சு. எனக்கு மறுநாளு விடியுமே." ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்ன புடிச்சி வெக்க மாட்டேன். போறதுனா போ. சீட்டுல பேரு இல்லாம இருந்துக்கறேன். உங்க சித்தப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அடித்திருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். பூட்டி வைத்திருந்தால் உடைத்துக்கொண்டு போயிருப்பேன். அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டார். யார்மேலும் பழி போட எனக்கு இடமே இல்லை. எத்தனையோ கதாநாயகிகளைக் கோழை என்று திட்டியவள், மூன்று நாள் கழித்து நான் விரும்பியவருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றேன். சரி என்று ஒரு சொல் சொன்னார். அந்த மாதமே வடக்கே போய்விட்டார்.

சீட்டுப் போட்டார்கள். நைனாவின் பெயர் இருந்தது. முதல் பாடு வந்த நாளில் கிடைத்த இறாலில் பெரியதாகப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா குழம்பு வைத்தாள். நைனா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் சாப்பிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் எந்தப் படத்துக்கும் தீர்ப்புக் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

போன வாரம் குழாயடியில் அத்தை வழக்கம்போலக் கேட்டார். தொட்டால் நினைவு போகும் அந்தப் படத்தையே மறுபடி சொன்னேன்.

"அழ வெச்சிடுமா?"

"இல்ல அத்தை, நல்ல படம்."

எனக்கும் அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து போனில் போட்டேன். அவன் ஆற்றில் கால் வைக்கும் இடம்வரை பார்த்தேன். அதற்கு மேல் முடியாமல் நிறுத்திவிட்டேன்.