கிண்ணத்தில் மிஞ்சிய ரப்பர் அடைப்பு

சைலன்சர்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக வண்டிகளின் வாயை அடைப்பதுதான் அவர் பிழைப்பு. இந்தக் காலத்து இளவட்டங்களுக்கோ அதைத் திறந்துவிட வேண்டுமாம். சைலன்சருக்கு முன்னால் குழாயை வெட்டி ஒரு மூடி வைப்பது. ஸ்விட்சைத் தட்டினால் மூடி திறந்து புகை அங்கேயே வெளியேறும், வண்டி ஊரைக் கூட்டும். கட் அவுட் என்பார்கள். கேட்டு வந்தவர்களையெல்லாம் விரட்டியவர், மாப்பிள்ளை கேட்டதும் மறுக்க முடியாமல் பொருத்திக் கொடுத்தார்.

கழற்றுகிற ஒவ்வொன்றையும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போடுவார். கிண்ணம் காலியாகாமல் எந்த வண்டியும் பட்டறையை விட்டு நகராது. அன்று காலை மகள் கைக்குழந்தையோடு காரின் பின்சீட்டில் ஏறிவிட்டாள். "நேரமாச்சு மாமா" என்று மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிவிட்டார். இவரும் சிரித்துக் கையசைத்தார்.

கால்மணி நேரம் கழித்துத்தான் கிண்ணத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு ரப்பர் அடைப்பு. ஸ்விட்ச் வயரை நுழைக்க, பின்சீட்டுக்கு அடியில் தரையிலிருந்து அவரே பிடுங்கியது. அந்தத் துளைக்கு நேர் கீழேதான் கட் அவுட்டின் வாய். ஏசிக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருப்பார்கள். அந்தப் புகையில் இருக்கிற விஷத்துக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருகிறது என்றுதான் நினைப்பார்கள்.

மகள் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டிருந்தால் அந்தச் சத்தத்தில் மணி எங்கே கேட்கப்போகிறது!

ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு பறந்தார். ஊரைத் தாண்டி, பெட்ரோல் பங்குக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டது. தன் கைவேலையின் சத்தம் தெரியாதா என்ன? ஆனால் அது நகரவில்லை. ஒரே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

சாலையோரம் நின்ற வண்டியின் கதவுகளைத் திறந்தார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் கவிழ்ந்திருந்தார். இவர் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டு, மயங்கிக் கிடந்த மகளின் மடியிலிருந்து குழந்தையை வாரி எடுத்தார். கழுத்து துவண்டு தொங்கியது.

"அழுடா தங்கம், அழுடா..." முதுகைத் தட்டித் தட்டிக் கெஞ்சினார். எவ்வளவு நேரமோ, கடைசியில் வீல் என்று அழுதது. அவரும் அழுதார்.

பின்னால் வந்த லாரிக்காரர் மற்ற இருவரையும் வெளியே இழுத்துப் போட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். மாப்பிள்ளை புரண்டு வாந்தியெடுத்தார். மகள் மெல்லக் கண் திறந்தாள்.

"தல சுத்துதுன்னு ஓரங்கட்டிட்டு அவர் கண்ணாடிய இறக்கப் போனாருப்பா. வெயிலு, குழந்தைக்கு ஆகாது, வேணாம்னேன். எங்கப்பா கைவச்ச வண்டி, அதுல என்ன கோளாறு இருக்கப் போகுதுன்னு நான்தான் சொன்னேன்."