மெஹ்ரிக்கு வைத்த தீ

டொராண்டோவில் விளக்கேற்றினால் வீடே கத்துகிறது. கூரையில் ஒட்டியிருக்கும் புகை அலாரத்துக்குக் கற்பூரமும் ஒன்றுதான், கல்லில் தீய்ந்த தோசையும் ஒன்றுதான். வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டியதும் அது அலறியது. புகை வெளியே போகட்டும் என்று கதவைத் திறந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் பஹ்ராம் நின்றிருந்தார். பதற்றத்தில் நான் குனிந்து கற்பூரத்தை ஊதப் போக, அவர் இரண்டு கையையும் உயர்த்தி "நோ பிரெத்! நோ பிரெத்!" என்று கத்தினார். பாவம், மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பின்னாலேயே வந்த அவர் மனைவி மெஹ்ரி சிரித்துச் சிரித்து விளக்கினாள். அவர்கள் ஈரானில் யஸ்து ஊர்க்காரர்கள், ஜொராஸ்திரியர்கள். தீ அவர்களுக்குக் கடவுளின் ஒளி. அதன்மேல் வாய்க்காற்று படக்கூடாது. "நாங்களும் ஊத மாட்டோம், பூவால் குளிர வைப்போம், அவசரத்தில் மறந்துவிட்டேன்" என்றேன். மெஹ்ரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கை எப்போதும் சில்லென்றிருக்கும். பாலைவன ஊரில் பிறந்தவள், வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பாள். பிள்ளைகள் இல்லை. மாலையில் பால் கலக்காத டீயோடு மூவரும் பேசிக்கொண்டிருப்போம். செத்தவரின் ஆன்மா மூன்று நாள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கும், நான்காம் நாள் விடியும்போது ஒரு பாலத்தைக் கடக்கும், அதுவரை விளக்கு அணையக்கூடாது என்றாள் ஒருநாள். எங்கள் ஊரிலும் தலை வைத்திருந்த இடத்தில் விளக்கும் சொம்புத் தண்ணீரும் வைப்போம், காரியம் முடியும்வரை உயிர் வீட்டைச் சுற்றும் என்றேன். அதுவரை எல்லாம் ஒத்துப்போனது. "உடலை?" என்று கேட்டாள். எரிப்போம் என்றேன். பஹ்ராம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "பிணத்தையா? தீயிலா?" கருவறைக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

எனக்கோ அந்தத் தீயைத் தெரியாது. பென்னாகரத்தில் அம்மா இறந்தபோது தம்பி குமார்தான் போன் செய்தான். "அக்கா, நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்க முடியாதுக்கா. எடுத்துரலாம்னு பெரியவங்க சொல்றாங்க." விமானமும் பெங்களூர் பஸ்ஸுமாக நான் போய்ச் சேர்ந்தபோது பாலும் தெளித்து முடித்திருந்தார்கள். சாம்பலை ஒகேனக்கலில் கரைத்துவிட்டான். வீட்டு நடுவில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் அழுத அழுகையைப் பார்த்துத் தேற்றுவதற்காகச் சொன்னான்: "நீ இங்கியே இருந்திருந்தாலும் தெருமுனை வரைக்கும்தாங்க்கா. பொம்பளைங்கள அதுக்கு மேல உடமாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?" தெரியும். அந்தத் தேறுதல்தான் இன்றும் நெஞ்சில் குத்துகிறது.

போன பனிக்காலத்தில் மெஹ்ரிக்குப் புற்றுநோய் முற்றியது. அவர்கள் ஆட்களை இங்கே மண்ணில் புதைப்பார்கள். அவள் பஹ்ராமிடம் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்: "இந்த ஊர் மண் ஐஸாகக் கிடக்கிறது. வந்த நாளிலிருந்து குளிரிலேயே இருந்துவிட்டேன். செத்தும் குளிர முடியாது. என்னைத் தீயிடம் கொடு." அவள் போன அன்று பஹ்ராம் என் கதவைத் தட்டினார். உட்காரவில்லை.

"உங்கள் ஊரில் தீ இதைத் தாங்கிக்கொள்கிறதா?"

"அதில் எந்த அழுக்கும் ஒட்டாது என்பார்கள். கொடுத்த உயிரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பார்கள். நான் பார்த்ததில்லை, பஹ்ராம்."

"உன் அம்மாவை?"

"பார்க்க விடவில்லை. நேரமும் விடவில்லை."

வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு, "அவளுக்குக் குளிரும். நீயும் என்னோடு வா" என்றார்.

தகனம் செய்யும் அந்த இடத்தில் சாம்பல் வாசனைகூட இல்லை. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வெளிச்சம். கோட்டுப் போட்ட ஊழியர் சுவரிலிருந்த, தீ மூட்டும் பட்டனைக் காட்டி, குடும்பத்தார் யாராவது அழுத்தலாம் என்றார். பஹ்ராமின் கை பாதிவரை போய்த் திரும்பி வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "என்னால் தீக்கு இதைச் செய்ய முடியாது. அவளுக்குச் செய்யாமலும் இருக்க முடியாது. நீ உன் வழக்கப்படி செய்" என்றார். என் வழக்கத்தில் பெண்ணுக்கு இது இல்லை என்பதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அழுத்தினேன். இரும்புக் கதவுக்குப் பின்னால் காற்று இரைவதுபோல் ஒரு சத்தம். "அம்மா" என்று என் வாயில் வந்தது. தப்பான பெயர் என்று அவர் திருத்தவில்லை. கையைக் கோத்துக்கொண்டு நின்றார்.

நான்காம் நாள் விடியலுக்கு என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். அவர்கள் ஆட்கள் சிலர் வெள்ளைத் தொப்பியோடு வந்திருந்தார்கள். ஜன்னலில் வெளுத்ததும் பஹ்ராமும் மற்றவர்களும் கிழக்கே திரும்பிப் பிரார்த்தனையை முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அந்த வெளிச்சத்தில் மெஹ்ரி பாலத்தைக் கடந்துகொண்டிருப்பாள். அதே நேரம் பென்னாகரத்தில் பொழுது சாய்ந்து, குமார் அம்மா படத்துக்கு முன்னால் விளக்கு வைத்துக்கொண்டிருப்பான். எங்கள் செத்தவர்கள் தெற்கே போகிறவர்கள். என் கால் தானாகத் தெற்கே திரும்பியது. அந்தப் பக்கம் கரையோரம் உறைந்துகிடக்கும் ஏரி. அம்மா போன தெற்கு எங்கள் ஊரிலிருந்து தெற்கு, இங்கிருந்து அல்ல. எல்லாரும் சூரியனைப் பார்த்து நிற்க, நான் மட்டும் எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல், கூப்பிய கையோடு அறை நடுவில் நின்றிருந்தேன்.