அண்ணி காலால் படித்த உயிரியல்

இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் எல்லோரும் என்னைச் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். வாய் நீளமானவர்கள் இல்லாவிட்டால் வாயே திறக்காதவர்களைப் பற்றி யார் பேசுவது? என் அண்ணியின் கதையை நான்தான் சொல்ல வேண்டும். அவரிடம் விட்டால், "படிச்சேன், பரீட்சை எழுதினேன்" என்று முடித்துவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவார்.

அண்ணிக்குத் தையல் வேலை. புதுத் துணி தைப்பது அபூர்வம், பெரும்பாலும் ஆல்டரேஷன்தான். இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்குவது, பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது. பகலெல்லாம் கடையில் இருப்பார். மீந்த வேலையைப் பையில் திணித்துக்கொண்டு வந்து வீட்டுக் கால் மிஷினில் முடிப்பார். எதிரே இருக்கும் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சீருடை முழுக்க அந்தக் கடைக்குத்தான் வரும். கல்யாணம் ஆனால் பிடித்துத் தைக்கவும், குழந்தை பிறந்தால் பிரித்துத் தைக்கவும் அவர்களுக்கு அண்ணியை விட்டால் ஆள் கிடையாது.

அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளர் பயிற்சி ஒன்று நடத்துகிறார்கள். அண்ணியின் கண் அதன்மேல் பல வருஷமாக இருந்திருக்கிறது, எங்கள் யாருக்கும் தெரியாது. சேர்வதற்குப் பள்ளி இறுதி உயிரியலில் தேர்ச்சி வேண்டும். அண்ணியோ அந்த வகுப்புக்கு வருவதற்கு முன்பே படிப்பை விட்டவர். இன்னொரு நிபந்தனை, வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அண்ணிக்கு நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னார். "ஆன்லைன்ல பயாலஜி சேர்ந்திருக்கேன்."

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். படிப்பு என்றாலே அவனுக்கு முதுகுக்குப் பின்னால் கத்தும் கூட்டம்தான் ஞாபகம் வரும். "எதுக்கும்மா இந்த வயசுல?" என்றான்.

"எத்தனை பேருக்கு அந்தச் சீருடைய அளவெடுத்துத் தச்சிருக்கேன். ஒண்ணு என் அளவுக்குத் தைக்கணும்."

அதற்குமேல் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

மறுநாளிலிருந்து வீட்டின் நிம்மதி போயிற்று. அண்ணி உட்கார்ந்து படிக்கிற ஜாதி இல்லை. மடிக்கணினியை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்து, பாடத்தை ஓடவிட்டு, மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பார். மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டுமே என்று ஒலியை உச்சத்தில் வைத்திருப்பார். மாடியில் இருக்கும் எனக்கும் செல் பிரிதல் இலவசம். பாடம் நடத்திய அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "புரிஞ்சுதா?" போடுவார். அவருக்குப் 'புரிஞ்சுதா மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டோம். அண்ணன் குளியலறையிலிருந்து, "புரியல மேடம்!" என்று குரல் கொடுப்பான். அண்ணி ஒரு தையலைக்கூட நிறுத்த மாட்டார்.

முளைவிடுதல் பாடத்துக்காக ஒரு கிண்ணத்தில் அவரை விதைகளை ஈரப் பஞ்சுக்குள் வைத்து, தினம் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். அடுக்களை ஜன்னலில் கிண்ணம் இருந்தது. அண்ணன் என்றைக்காவது ஒருநாள் சமைக்கிறேன் என்று கிளம்புகிறவன், அன்றைக்குப் பார்த்துக் கிளம்பினான். பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாடத்தை வேகவைத்துவிட்டான்.

"நல்லாத்தான் ஊற வச்சிருந்த," என்று பாராட்டு வேறு.

அண்ணி தட்டில் கிடந்ததை ஒரு கணம் பார்த்தார். "முளை வந்திருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"லேசா."

"அப்ப சரி," என்று சொல்லிப் புது விதைகளை ஊறப்போட்டார்.

அண்ணி படித்த விதம்தான் விசித்திரம். ஒவ்வொரு பாடமும் அவருக்கு ஒரு துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜீரணம் என்றால் ஒரு ஹோட்டல்காரரின் கறுப்பு பேன்ட். ரத்த ஓட்டம் என்றால் வக்கீல் வீட்டுத் திரைச்சீலை. சிறுநீரகம் என்றால் என்னுடைய பச்சைச் சட்டை. அந்தச் சட்டையின் கை இறுக்கமாக இருக்கிறது என்று நான் திருப்பிக் கொடுத்தேன். பிரித்துத் தைத்தார். தொளதொளவென்று இருக்கிறது என்று மறுபடி கொடுத்தேன். மறுபடி பிரித்தார். ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் முதலிலிருந்து ஓடியது. கடைசியில் எனக்கே நெஃப்ரான் அத்துப்படி ஆகிவிட்டது. சட்டை என்னவோ இன்னும் அக்குளில் பிடிக்கத்தான் செய்கிறது.

கேள்வி கேட்டால் அண்ணி கண்ணை மூடுவார். மேசைக்கு அடியில் கால் இரண்டும் மிதிக்க ஆரம்பிக்கும். நாலு மிதி மிதித்ததும் பதில் வந்துவிடும். நாங்கள் அதைக் கிண்டல் பண்ணிக்கொண்டு இருந்தோமே தவிர, அதில் ஒரு கண்டம் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மாதிரித் தேர்வு அன்று தோன்றியது. தேர்வு வீட்டிலிருந்தேதான், ஆனால் கணினியின் கேமரா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது, எழுதுகிறவர் முகம் திரையின் சட்டத்தை விட்டு நகரக் கூடாது. அண்ணி சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நானும் அண்ணனும் கூடத்துக் கதவு இடுக்கில் நின்றோம்.

முதல் கேள்வி வந்தது. அண்ணியின் கால் ஓட ஆரம்பித்தது. மிதிப்பதற்குப் பலகை இல்லை, வெறும் தரைதான். குதிகால் தரையில் இடிக்க, நாற்காலி குலுங்க, மேசை ஆட, அண்ணியின் தலை திரையில் மேலும் கீழும் போய் வந்தது. மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது. கணினி ஓர் எச்சரிக்கை விட்டது. அண்ணிக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் கால் இன்னும் வேகமாக ஓடும். ஐந்தாவது கேள்விக்கு வருவதற்குள் தேர்வு நிறுத்தப்பட்டது என்று சிவப்பு எழுத்து வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"கால அசைக்காம எழுதேன்," என்றான் அண்ணன்.

அதையும் முயன்று பார்த்தார். அண்ணன் அளவு நாடாவால் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, கையில் பாடப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்தான்.

"இதயத்துக்கு எத்தனை அறை?"

அண்ணி விட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அளவு நாடாவைப் பார்த்தார்.

"என்னங்க, அந்த வக்கீல் வீட்டுத் திரைச்சீல என்ன கலரு?" என்றார் பாவமாக.

தினம் ஐம்பது பேருக்கு அளவெடுக்கிற கை, அன்று மடியில் சும்மா கிடந்தது. "விடுங்க. நமக்கு இவ்வளவுதான்," என்று எழுந்துகொண்டார். கட்டு இருப்பதை மறந்து விழப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன். அண்ணி அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. ஆனால் அந்த 'இவ்வளவுதான்' என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஆயிரம் கிண்டல் பண்ணுவேன், அது என் உரிமை. அண்ணி தன்னையே மட்டம் தட்டிக்கொள்ள அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

அன்று சாயங்காலம் அவர் சீருடை ஒன்றுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டே பார்த்தேன். கீழே கால் பறக்கிறது. மேலே உடம்பு ஆடவே இல்லை. ஆடினால் தையல் கோணிவிடும், விரலில் ஊசி ஏறிவிடும். இடுப்புக்கு மேலே சிலை, கீழே ரயில்.

"அண்ணி! நீங்க மிஷின்லயே உக்காந்து எழுதினா என்ன?"

"பரீட்சை எழுதச் சொன்னா துணி தைக்கச் சொல்றியா?"

"துணி எதுக்கு? மிஷின் தலைய உள்ள மடக்கி மூடினா அது வெறும் மேசைதானே. மேல கம்ப்யூட்டரு, கீழ கால்."

அண்ணி மிதிப்பதை நிறுத்தினார். சக்கரத்தைப் பார்த்தார். "பெல்ட்ட கழட்டிட்டா சத்தமும் வராது," என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "உனக்கும் மூள இருக்குடி," என்றார். எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய பட்டம் கொடுத்து வழக்கமில்லை.

தேர்வு நாள் வந்தது. அண்ணன் மிஷினின் அடிப்பாகம் முழுக்க எண்ணெய் விட்டுத் துடைத்தான். நான் கூரியர் ஆபீசில் பார்சல் வாங்குகிறவள். அன்றைக்கு வயிற்று வலி என்று சொல்லி லீவு போட்டேன். வயிற்றில் புளியைக் கரைத்தது உண்மைதான், ஆகவே அது பொய்யில்லை. அண்ணன் வேன் எடுக்கப் போய்விட்டான். கதவுக்கு வெளியே நான் மட்டும்.

தொடங்குமுன் கண்காணிப்பாளர் அம்மாள் ஒருவரின் குரல் கணினியிலிருந்து கேட்டது. "ரூம் முழுக்கக் காட்டுங்க. மேசைக்கு அடியிலயும் காட்டுங்க... அது என்ன?"

நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

"தையல் மிஷினுங்க," என்றார் அண்ணி. "பெல்ட்டக் கழட்டிட்டேன். கால் மிதிச்சாதான் எனக்குப் படிச்சது ஞாபகம் வரும். வேண்டாம்னா சொல்லுங்க, வேற மேசைக்குப் போயிடறேன்."

அட, இப்படியா உடைத்துச் சொல்வது? ஏதோ மேசைக்கால் என்று சொல்லிச் சமாளிக்கக் கூடாதா? எனக்கு உள்ளே போய் இரண்டு போடலாம் போல இருந்தது. அந்த அம்மாள் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார்.

"முகம் கேமராவ விட்டு நகரக் கூடாதும்மா, அவ்வளவுதான். கால் உங்க இஷ்டம்."

தேர்வு ஆரம்பித்தது. அவ்வளவு எண்ணெய் விட்டும் பலகையில் ஒரு கீச்சு மிச்சம் இருந்தது. கதவில் காதை வைத்தால் லேசாகக் கேட்டது. கீச்சு, கீச்சு, கீச்சு. சீரான ஓட்டம். பதில் வருகிறது என்று அர்த்தம். சில இடத்தில் வேகம் பிடித்தது, அது நன்றாகத் தெரிந்த பாடம். நான் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று சத்தம் நின்றது.

ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தேன். அது நீண்டுகொண்டே போயிற்று. கூப்பிட முடியாது, என் குரல் உள்ளே கேட்டால் தேர்வு போச்சு. இருமக்கூட முடியாது. பிறந்ததிலிருந்து இந்த வாயை நான் அவ்வளவு நேரம் மூடியதே இல்லை. மிதிங்க அண்ணி, மிதிங்க என்று மனசுக்குள் கத்தினேன். குனிந்து பார்த்தால் என் கால் தரையில் மிதித்துக்கொண்டிருந்தது. இந்த மனுஷிக்காக நான் இவ்வளவு பயப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

கீச்சு. கொஞ்சம் விட்டு இன்னொரு கீச்சு. பிறகு ஓட ஆரம்பித்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு அண்ணி வந்தபோது நான் துடைப்பத்தோடு சுவரில் சாய்ந்திருந்தேன். அந்தத் தேர்வில் முடிவு உடனே திரையில் வந்துவிடும். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்த முகத்தில் என்றைக்கு எழுதியிருந்தது?

"நடுவுல ஏன் நின்னீங்க?"

"சிறுநீரகம் வந்துச்சு. ஒண்ணுமே தோணல. அப்புறம் உன் பச்சச் சட்ட ஞாபகம் வந்துச்சு. ரெண்டு தடவ பிரிச்சுத் தச்சதாச்சே, வரிசையா எல்லாம் வந்துருச்சு."

"சட்ட கிடக்கட்டும். என்னாச்சு?"

அவர் பதில் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு விரலை நாடியில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கீழே அவருடைய வலது கால் மெதுவாகத் தாளம் போட்டது.

"அண்ணி, சொல்லித் தொலைங்க!"

"பேசாத. எண்ணிட்டிருக்கேன்."

நான் பேசவில்லை. அன்று இரண்டாவது தடவையாக. அண்ணி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"பாஸானது நானு. உனக்கு ஏன்டி இப்படி அடிச்சுக்குது?"