இல்லாத வேண்டுதல்

சிதம்பரத்தில் தண்டவாளத்துக்கு அந்தாண்டை இருந்த அந்த முதியோர் இல்லத்தில் எட்டுக் கட்டில், எட்டுக் கிழவிகள், ஒரே ஒரு ஜோதி மேரி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, நடுவில் திட்டு வாங்குவது எல்லாம் அவள்தான். திருப்பாதிரிப்புலியூரில் ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிட்டு விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வருவாள். தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை.

ஆடி மாசம் இல்லத்துக்குப் பேன் வந்தது. யார் தலையில் வந்தது என்று எட்டுப் பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. இல்லத்தை நடத்தும் அன்பரசு கெட்டவர் இல்லை, அவசரக்காரர். “எல்லாருக்கும் கிராப்பு வெட்டிடு மேரி” என்றார்.

ஏழு தலை முடிந்தது. எட்டாவது பட்டம்மாள், மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. இடுப்பு வரைக்கும் முடி, பஞ்சு மாதிரி. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நெலத்த வித்தானுங்க, ஊட்ட வித்தானுங்க. இதத்தான் எவனாலும் விக்க முடியல. இதுல கை வச்சீன்னா செத்துப்பூடுவேன்டி.”

ஜோதி மேரிக்குப் பொய் என்பது தும்மல் மாதிரி. வந்தால் அடக்க முடியாது.

“சார், பெரிம்மா திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்ட போடறதா வேண்டிக்கிட்டாங்களாம். நாம கத்திரி வச்சா சாமி குத்தமாயிடும்.”

பட்டம்மாளும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அன்பரசுக்குச் சாமி பயம் ஜாஸ்தி. கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கு, கடலூர் பஸ்ஸில் ஏறும் சந்தனம் பூசிய மொட்டைகளைத் தவிரப் பெருமாளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பிறகு தினமும் வேப்பெண்ணெயும் பேன் சீப்புமாகப் பட்டம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“மெதுவா இழுடி, வைக்கோலா அது?”

“வைக்கோல்னா மாடாச்சும் தின்னும் பெரிம்மா.”

மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடக்கிறவள், அந்த நேரம் மட்டும் சிரிப்பாள்.

புரட்டாசியில் பட்டம்மாளுக்குக் காய்ச்சல் வந்து விட்டு விட்டு அடித்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அன்பரசு ஆடிப்போனார்.

“வேண்டுதல பாக்கி வச்சிட்டு அவுங்க போயிட்டா, அது என் வாசல்லதான் வந்து நிக்கும் மேரி. நாளைக்கே கார் வச்சிடறேன்.”

திருவந்திபுரத்தில் மொட்டை போடும் இடத்தில், சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு ஜோதி மேரி அன்பரசு காலில் விழாத குறையாகச் சொன்னாள்: “சார், வேண்டுதலே இல்ல. முடிய வெட்டக் கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன். வேலய விட்டு வேணா எடுத்துடுங்க.”

அன்பரசு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“பெருமாள் பேரச் சொல்லிதானே சொன்ன? அவுங்களும் தலய ஆட்டினாங்க. சொன்னது சொன்னதுதான். அவருக்குப் பொய் ஏது, நெஜம் ஏது?”

நாவிதர் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றார். பட்டம்மாள் ஜோதி மேரியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“ஏன்டி, எதுக்குன்னு வேண்டிக்கிட்ட?”

அதுவரைக்கும் யாரும் அதைக் கேட்கவில்லை. பொய் சொன்னவளே யோசிக்கவில்லை.

“நீங்க நல்லா இருக்கணும்னு பெரிம்மா.”

“அதுதான் நடக்கலயே. நடக்காததுக்கு எதுக்குடி முடி?”

நாவிதருக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் தண்ணீரை ஊற்றிவிட்டார். பட்டம்மாளின் கைகள் முடியை விட்டு இறங்கி மடியில் கிடந்தன. இந்தத் தடவை அவள் பிடிக்கவில்லை. செத்துப்போவேன் என்றும் சொல்லவில்லை. முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழ, பக்கத்தில் வீறிட்டு அழுத ஒரு குழந்தையின் முடியோடு கலந்தது. ஒருத்தர் வந்து இரண்டையும் ஒரே விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பும்போது முன் சீட்டில் அன்பரசு நிம்மதியாகக் குறட்டை விட்டார். பின்னால் பட்டம்மாள் ஜன்னல் பக்கமாகவே திரும்பியிருந்தாள். சந்தனத்துக்கு நடுவே கத்தி கீறிய இடம் சிவந்திருந்தது.

“பெரிம்மா, எரியுதா?”

 

ஜோதி மேரி குனிந்து அந்தக் கீறலை மெல்ல ஊதினாள். பட்டம்மாள் தலையை நகர்த்தவில்லை, திரும்பவும் இல்லை. கார் கடலூரைத் தாண்டியும் அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.